300 டாலர் பேப்பர் 5.5 லட்சம் டாலர் ஆன கதை: "வேண்டாம்"னு சொல்ற ஆள் உங்ககிட்ட இருக்காங்களா?



போன மாசம் என் கிளையன்ட் ஒருத்தரோட கணக்கைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். நல்ல வியாபாரம், நல்ல லாபம். ஆனா கல்லாவுல காசு வாங்குறது, பில் போடறது, ஸ்டாக் எழுதறது, பேங்க் ஸ்டேட்மென்ட்டைச் சரிபார்க்கிறது, எல்லாமே ஒரே ஆள். "இந்த வேலையைக் கொஞ்சம் பிரிச்சுடலாமே சார்"னு சொன்னேன். அவர் முகம் மாறிடுச்சு. "அவன் என் ஸ்கூல் ஃப்ரெண்ட். அவனைப் போய் சந்தேகப்படச் சொல்றீங்களா?"ன்னு கேட்டார்.

அந்த நேரத்துல எனக்குச் சரியான பதில் வரலை. வீட்டுக்கு வந்து யோசிச்சப்போ ஒரு ஆள் ஞாபகத்துக்கு வந்தார். நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல வாழ்ந்த ஒரு பத்திரிகை முதலாளி. இருபது வயசு ஆகறதுக்கு முன்னாடியே ஒரு நொடிஞ்சுபோன பேப்பரை வாங்கி, அதைத் தூக்கி நிறுத்தி, கடைசியில நாட்டோட ஜனாதிபதியாவே ஆனவர். ஃப்ரீமேசன் சங்கத்துலயும் பெரிய புள்ளி. பேர் வாரன் ஜி. ஹார்டிங். அவர் வாழ்க்கையில ஜெயிச்ச பாதியையும் சறுக்கின பாதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா, என் கிளையன்ட் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கும். வாங்க பார்க்கலாம்.

மூணு பேர், 300 டாலர், ஒரு ஓட்டை பேப்பர்

ஹார்டிங் பிறந்தது 1865 நவம்பர் 2, ஒஹாயோ மாநிலத்துல ஒரு சின்ன கிராமத்துல. அப்பா டாக்டர். கொஞ்ச காலம் ஒரு உள்ளூர் வாரப் பத்திரிகையிலும் அப்பாவுக்குப் பங்கு இருந்தது. அங்கேதான் பையன் அச்சு வேலை கத்துக்கிட்டான். எழுத்து எழுத்தா எடுத்து அச்சு கோர்க்கிற காலம் அது. பிற்காலத்துல ஜனாதிபதி ஆன பிறகும், அச்சுக்காரர்கள் பக்கம் கட்டும்போது பயன்படுத்துற ஒரு சின்ன உலோக ரூலரை ராசின்னு சொல்லி பாக்கெட்லயே வச்சிருந்தாராம்.

காலேஜ் முடிச்சு, கொஞ்ச நாள் ஸ்கூல் வாத்தியார் வேலை, கொஞ்ச நாள் இன்ஷூரன்ஸ் விற்பனைன்னு அலைஞ்சு பார்த்துட்டு, 1884-ல் மேரியன் என்ற ஊர்ல 'மேரியன் ஸ்டார்' என்ற தினசரியை ரெண்டு நண்பர்களோட சேர்ந்து வாங்கினார். விலை 300 டாலர். அந்த ஊர்ல இருந்த பேப்பர்கள்லயே ரொம்ப நோஞ்சான் இதுதான். தலைக்கு மேல கடன் வேற. கொஞ்ச காலத்துல கூட்டாளிகள் விலகிட்டாங்க. பேப்பர் முழுசா ஹார்டிங் கைக்கு வந்தது.

அவர் செஞ்ச முதல் புத்திசாலித்தனம், தினசரியை எந்தக் கட்சியோட ஊதுகுழலாகவும் ஆக்காம வச்சுக்கிட்டது. கூடவே ரிபப்ளிகன் கட்சிப் பக்கம் மிதமா சாய்ஞ்ச ஒரு வார இதழும் நடத்தினார். விளம்பரம் கொடுக்கிற கடைக்காரங்களுக்கு அவர் மேல நல்ல அபிப்பிராயம் வந்தது. நிருபர்களுக்கு அவர் சொன்ன முக்கியமான விதி ஒண்ணு இருக்கு: எந்த விஷயத்துக்கும் ரெண்டு பக்கம் உண்டு, ரெண்டையும் கேட்டுட்டு எழுது. இந்த விதியை மறந்துடாதீங்க, பின்னாடி தேவைப்படும்.

ஊரும் கைகொடுத்தது. 1880 கணக்கெடுப்புல மேரியன் மக்கள் தொகை 4,000-க்கும் கீழே. 1920-ல் கிட்டத்தட்ட 28,000. நீராவி மண்வெட்டி இயந்திரம் செய்யற தொழிற்சாலை அங்கே இருந்தது. பனாமா கால்வாய் தோண்டினப்போ அந்த இயந்திரங்களும் போச்சு. ஊர் வளர வளர வாசகர் கூடினாங்க, வாசகர் கூட விளம்பரம் கூடிச்சு.

கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்த மனைவி

1891-ல் ஹார்டிங் கல்யாணம் பண்ணிக்கிட்டவர் ஃப்ளாரன்ஸ் கிளிங். ஊர்லயே பெரிய பணக்காரரான ஏமஸ் கிளிங்கோட மகள். அப்பாவுக்கு இந்தக் கல்யாணத்துல துளிகூட இஷ்டம் இல்லை.

1894-ல் உடம்பு சரியில்லாம ஹார்டிங் மிச்சிகன்ல ஒரு சானடோரியத்துல சேர்ந்தார். அந்தச் சமயத்துலதான் ஃப்ளாரன்ஸ் ஆபீஸ் பக்கம் போனார். நாலு நாள் பார்த்துக்கலாம்னு போனவர், பதினாலு வருஷம் அங்கேயே இருந்துட்டார்!

அவர் என்ன செஞ்சார்? விநியோகத்துக்குன்னு தனிப் பிரிவு ஏற்படுத்தினார். வீட்டுக்கு வீடு பேப்பர் போட பையன்களைப் பழக்கினார். வசூலை ஒழுங்குக்குக் கொண்டு வந்தார். பிற்காலத்துல அமெரிக்க சோஷலிஸ்ட் கட்சித் தலைவரா புகழ்பெற்ற நார்மன் தாமஸ், சின்ன வயசுல மேரியன்ல இந்தப் பேப்பரைப் போட்ட பையன்தான்.

ஒரு சி.ஏ.வா இதைப் பார்க்கும்போது எனக்கு என்ன தோணுதுன்னு சொல்றேன். பேப்பர் பிசினஸ்ல வர்ற காசு சில்லறைக் காசு. தினம் தினம், பல கைகள் மாறி வரும். ஒழுகறதுக்கு ரொம்ப வசதியான பணம் அது. ஹார்டிங் எல்லாருக்கும் நல்லவர், சிரிச்ச முகம், யாருக்கும் இல்லைன்னு சொல்லத் தெரியாத மனுஷன். எழுதறதும் ஆள் பிடிக்கறதும் அவர் பலம். காசு எங்கே போச்சுன்னு கேக்கறது ஃப்ளாரன்ஸ் வேலை. ஒருத்தர் சம்பாதிச்சார், இன்னொருத்தர் ஒழுகாம பார்த்துக்கிட்டார். நாங்க இதைத்தான் இன்டர்னல் கண்ட்ரோல்னு சொல்றோம்.

21% ரிட்டர்னா? கொஞ்சம் நில்லுங்க

1923 ஜூன்ல ஹார்டிங் அந்தப் பேப்பரை விற்றார். விலை 5,50,000 டாலர். 39 வருஷத்துல 300 டாலர் 5.5 லட்சம் ஆகியிருக்கு. கால்குலேட்டர்ல போட்டா கூட்டு வளர்ச்சி விகிதம் ஆண்டுக்குச் சுமார் 21%.

இந்த மாதிரி கணக்கைத் தம்ப்நெயில்ல போட்டா வியூஸ் வரும். ஆனா இது முழு உண்மை இல்லைங்க. ஏன்னா:

முதலாவது, 300 டாலர் மட்டும் முதலீடு இல்லை. பேப்பரோட கடனையும் சேர்த்துத்தான் தலையில ஏத்திக்கிட்டாங்க.

ரெண்டாவது, வந்த லாபத்துல ஒரு பகுதி மறுபடியும் தொழிலுக்குள்ளேயே போயிருக்கும். அதுவும் முதலீடுதான்.

மூணாவதுதான் முக்கியம். ஃப்ளாரன்ஸோட பதினாலு வருஷ உழைப்பு. வெளியாள் ஒரு மேனேஜரை வச்சிருந்தா எவ்வளவு சம்பளம் கொடுத்திருக்கணும்? அந்த உழைப்புக்கு விலை போடாம ரிட்டர்ன் கணக்குப் போட்டா, அது பொய்க் கணக்கு.

உங்க கடையில மனைவியோ, அம்மாவோ, தம்பியோ உட்கார்ந்து வேலை பார்த்தா, "எங்களுக்கு 30% லாபம் நிக்குது"ன்னு சொல்றதுக்கு முன்னாடி அவங்க சம்பளத்தைக் கழிச்சுப் பாருங்க. நிஜ லாபம் அப்பதான் தெரியும். ஒரு எச்சரிக்கை: மனைவிக்கு நிஜமாவே சம்பளம் போடறதா இருந்தா, வருமான வரியில கிளப்பிங் விதி இருக்கு. சில சமயம் அந்தச் சம்பளம் உங்க வருமானத்தோடயே சேர்ந்துடும். உங்க ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டுப் பண்ணுங்க.

லாட்ஜும் கறுப்பு உருண்டையும்

இப்போ ஃப்ரீமேசன் விஷயத்துக்கு வருவோம். உலகத்தையே ரகசியமா ஆட்டி வைக்கிற கூட்டம்னு வாட்ஸ்அப்ல சுத்துற கதையை நான் சொல்லப் போறதில்லை. ஃப்ரீமேசன் என்பது ஆண்கள் சேர்ந்து நடத்துற ஒரு சகோதரத்துவச் சங்கம். அவங்க கூடுற கிளைக்கு லாட்ஜ்னு பேர். நம்ம ஊர்ல ரூம் போடற லாட்ஜ் இல்லைங்க! உள்ளே மூணு படி உண்டு: தொழில் பழகுநர், தோழர், மாஸ்டர்.

இந்தச் சங்கத்துல ஆள் சேர்க்கிற பழைய முறை ரொம்ப சுவாரசியமானது. விண்ணப்பம் வந்தா விசாரிப்பாங்க. அப்புறம் ரகசிய ஓட்டு. சம்மதம்னா பெட்டிக்குள்ள வெள்ளை உருண்டை போடணும், எதிர்ப்புன்னா கறுப்பு உருண்டை. பல லாட்ஜ்கள்ல ஒரே ஒரு கறுப்பு உருண்டை விழுந்தாலே போதும், ஆள் வெளியே. எவ்வளவு பெரிய மனுஷன் சிபாரிசு பண்ணாலும் சரி.

இந்தக் கெடுபிடி ஹார்டிங்கையும் விடலை. 1901 ஜூன் 28-ல் மேரியன் லாட்ஜ் எண் 70-ல் முதல் படி ஏறினார். அதுக்கு மேல போக உள்ளூர்ல எதிர்ப்பு. வருஷங்கள் ஓடிச்சு. ஒஹாயோவோட துணை ஆளுநர் ஆனார், 1915-ல் செனட்டரும் ஆனார், ஆனா லாட்ஜ்ல அதே முதல் படியிலதான் நின்னார். ஜனாதிபதி வேட்பாளரா நின்ன பிறகுதான், 1920 ஆகஸ்ட் 27-ல், மாஸ்டர் மேசன் ஆனார். பத்தொன்பது வருஷக் காத்திருப்பு!

1921 மார்ச் 4-ல் ஜனாதிபதியா பதவியேற்றப்போ, ஜார்ஜ் வாஷிங்டன் 1789-ல் கை வச்சு உறுதிமொழி எடுத்த அதே பைபிள் மேலதான் அவரும் கை வச்சார். அந்தப் பைபிள் நியூயார்க்ல உள்ள ஒரு மேசன் லாட்ஜுக்குச் சொந்தமானது. சங்கத்தைப் பொறுத்தவரை அது பெருமையான தருணம்.

ஆக, இந்த மனுஷனோட வாழ்க்கையில ரெண்டு இடத்துல "வேண்டாம்"னு சொல்ற ஏற்பாடு இருந்தது. ஆபீஸ்ல ஃப்ளாரன்ஸ். லாட்ஜ்ல கறுப்பு உருண்டை. ஜனாதிபதி ஆன பிறகு அவருக்கு நெருக்கமானவங்க விஷயத்துல அப்படி ஒரு ஏற்பாடு இல்லாமப் போச்சு.

பத்து நாள்ல ரெண்டு கையெழுத்து

1921 ஜூன் 10-ல் ஹார்டிங் ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டார். பட்ஜெட் மற்றும் கணக்குச் சட்டம். அதுக்கு முன்னாடி அமெரிக்க அரசாங்கத்துல ஒவ்வொரு துறையும் தனித்தனியா நாடாளுமன்றத்துக்கிட்ட பணம் கேக்கும். ஒட்டுமொத்த பட்ஜெட்னு ஒண்ணு கிடையாது. இந்தச் சட்டம் வந்த பிறகுதான் பட்ஜெட் அலுவலகம் வந்தது. செலவைத் தணிக்கை செய்ய பொதுக் கணக்கு அலுவலகமும் வந்தது. அதோட தலைவருக்கு 15 வருஷப் பதவிக்காலம், ஜனாதிபதி நினைச்சா தூக்கிட முடியாது. எங்க தொழில்ல இருக்கறவங்க எழுந்து நின்னு கைதட்ட வேண்டிய சட்டம் இது.

பட்ஜெட் அலுவலகத்துக்கு முதல் தலைவரா சிகாகோ பேங்கர் சார்லஸ் டாஸை நியமிச்சார். 1920-ல் சுமார் 640 கோடி டாலரா இருந்த அரசாங்கச் செலவு 1922-ல் சுமார் 330 கோடிக்கு இறங்கியது. போர்ச் செலவு முடிஞ்சதும் அதுக்குப் பெரிய காரணம்தான். இருந்தாலும் கணக்கு கேக்கற பழக்கம் வந்ததை மறுக்க முடியாது.

ஆனா அதுக்குச் சரியா பத்து நாள் முன்னாடி, மே 31-ல், அவர் இன்னொரு ஆணையில கையெழுத்துப் போட்டிருந்தார். கப்பல் படைக்காக ஒதுக்கி வச்சிருந்த எண்ணெய் நிலங்களைக் கடற்படைத் துறையில இருந்து உள்துறைக்கு மாத்துற ஆணை. உள்துறை அமைச்சர் ஆல்பர்ட் ஃபால். செனட்ல ஹார்டிங்கோட சகா, சீட்டாட்டக் கூட்டாளி.

1922-ல் ஃபால், வயோமிங்ல உள்ள டீபாட் டோம் நிலத்தை ஹாரி சின்க்ளேர் என்ற எண்ணெய் முதலாளிக்குக் குத்தகைக்கு விட்டார். கலிஃபோர்னியாவோட எல்க் ஹில்ஸ் நிலம் எட்வர்ட் டோஹெனிக்குப் போச்சு. டெண்டர் கிடையாது. போட்டி விலை கிடையாது. செனட்ல கேள்வி எழுந்தப்போ, இந்தக் கொள்கை என் ஒப்புதலோட நடந்ததுன்னு ஹார்டிங்கே கடிதம் எழுதிக் கொடுத்தார்.

பின்னாடி வெளியே வந்தது என்ன? டோஹெனி ஒரு லட்சம் டாலரை ரொக்கமா ஒரு கறுப்புப் பையில தன் மகன்கிட்ட கொடுத்து அனுப்பியிருக்கார். வட்டியில்லாக் கடன்னு அதுக்குப் பேர். சின்க்ளேர் தரப்புல இருந்து கடன் பத்திரங்கள், கூடவே பண்ணைக்கு மாடு, பன்றி, குதிரை! மொத்தத்துல ஃபாலுக்குப் போனது சுமார் 4 லட்சம் டாலர். எப்படி மாட்டினார்? வருஷக்கணக்கா வரி பாக்கி வச்சிருந்த அவரோட பண்ணைக்கு, திடீர்னு பாக்கி எல்லாம் கட்டப்பட்டது, பக்கத்து நிலமும் வாங்கப்பட்டது. அக்கம்பக்கத்துல பேச ஆரம்பிச்சாங்க. 1929-ல் லஞ்சம் வாங்கினதுக்காக ஃபாலுக்குச் சிறைத் தண்டனை. பதவியில இருந்தப்போ செஞ்ச குற்றத்துக்காக ஜெயிலுக்குப் போன முதல் அமெரிக்க அமைச்சர் அவர்தான்.

இன்னொரு நண்பர் சார்லஸ் ஃபோர்ப்ஸ். போர்ல அடிபட்ட வீரர்களுக்கான துறை அவர் கையில. மேரிலாண்ட்ல உள்ள கிடங்கில் இருந்து ஆஸ்பத்திரிச் சாமான்கள் அடிமாட்டு விலைக்கு வெளியே போகுதுன்னு ஹார்டிங்குக்குப் புகார் வந்தது. அவர் நிறுத்தச் சொன்னார். அப்புறம் விளக்கம் கேட்டார். யாருகிட்ட? ஃபோர்ப்ஸ்கிட்டயே! வேலிக்கு ஓணான் சாட்சிங்கற கதைதான். ரெண்டு பக்கமும் கேளுன்னு நிருபர்களுக்குச் சொன்ன முதலாளி, இங்கே ஒரு பக்கத்தை மட்டும் கேட்டார். உண்மை தெரிஞ்ச பிறகும் சத்தமில்லாம ராஜினாமா செய்ய வழிவிட்டார். 1925-ல் ஃபோர்ப்ஸ் குற்றவாளின்னு தீர்ப்பாகி ரெண்டு வருஷச் சிறைத் தண்டனை வந்தது.

இதையெல்லாம் பார்க்க ஹார்டிங் உயிரோட இல்லை. பேப்பரை விற்று, உயிலையும் புதுப்பிச்சுட்டு, அலாஸ்கா வரைக்கும் பயணம் போனவர், 1923 ஆகஸ்ட் 2-ல் சான் ஃபிரான்சிஸ்கோவுல இறந்துட்டார். வயசு 57. இந்த ஊழல்கள்ல அவர் தன் பைக்கு ஒரு டாலர் வாங்கினதாவும் ஆதாரம் கிடைக்கலை. ஆனாலும் வரலாறு அந்தக் கறையை அவர் பேர்லதான் எழுதியிருக்கு. கையெழுத்து அவரோடது இல்லையா?

உங்க தொழில்ல கறுப்பு உருண்டை வைக்கறது எப்படி?

1. ரெண்டு கையாவது வேணும். காசைத் தொடற ஆளே கணக்கையும் எழுதக் கூடாது. சின்னக் கடைன்னா, பேங்க் ஸ்டேட்மென்ட்டை மட்டுமாவது நீங்களே நேரடியா டவுன்லோட் பண்ணிப் பாருங்க. பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லாதீங்க.

2. ஒரு தொகைக்கு மேல ரெண்டு கையெழுத்து. அது 25,000-ஆ, 2 லட்சமாங்கறது உங்க தொழிலைப் பொறுத்தது. நீங்க முதலாளியா இருந்தாலும் இந்த விதி உங்களுக்கும் பொருந்தணும். கையெழுத்துப் போட்ட வெற்று செக்கை யார்கிட்டயும் கொடுக்காதீங்க.

3. நண்பர், உறவுக்காரர்கிட்ட வாங்கறீங்களா? மூணு கொட்டேஷன். அவங்களுக்கு வேண்டிய ஆள் அந்த முடிவுல உட்காரக் கூடாது. விலை நியாயமா இருந்தா அவங்களுக்கே கொடுங்க, தப்பே இல்லை.

4. புகார் வந்தா ரெண்டாவது பக்கத்தைக் கேளுங்க. சம்பந்தப்பட்டவர் சொல்ற விளக்கத்தோட நிறுத்தாதீங்க. நேரா குடோனுக்குப் போய் ஸ்டாக்கை எண்ணுங்க. ஸ்டாக் பொய் சொல்லாது.

5. சம்பளத்துக்கும் வாழ்க்கைக்கும் பொருந்தாத மாற்றம் தெரிஞ்சா கவனிங்க. உடனே திருடன்னு முடிவு கட்ட வேண்டாம். கணக்கை ஒரு தடவை கூடுதலா பாருங்க, அவ்வளவுதான்.

6. "வேண்டாம்"னு சொல்ற ஆளைத் தண்டிக்காதீங்க. மனைவியோ, அக்கவுண்டன்ட்டோ, ஆடிட்டரோ ஒரு செலவைக் கேள்வி கேட்டா கோபம்தான் வரும். வரட்டும். ஆனா அவங்க அடுத்த தடவையும் கேக்கற மாதிரி நடந்துக்கோங்க.

என் கிளையன்ட்டுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். கடைசியில ஒரே ஒரு விஷயம் சேர்த்துச் சொன்னேன்: "சார், செக் பண்றதுன்னா சந்தேகப்படறது இல்லை. நாளைக்குக் கணக்குல 50,000 உதைச்சா, முதல் சந்தேகம் யார் மேல வரும்? உங்க ஃப்ரெண்ட் மேலதான். வேலையைப் பிரிச்சு வச்சா, அவர் எடுக்கலைன்னு கணக்கே சொல்லும்."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "இதை நான் சொன்னா தப்பா எடுத்துப்பான், நீங்களே சொல்லுங்களேன்"னார். ரெண்டு பேரையும் உட்கார வச்சுச் சொன்னேன். அந்த நண்பர் சிரிச்சுக்கிட்டே கல்லாச் சாவியை எடுத்து மேஜை மேல வச்சார். "இதை நானே அஞ்சு வருஷமா கேக்கணும்னு நினைச்சேன் சார். ராத்திரி தூக்கமே வராது"ன்னார்.

இன்னிக்கு ராத்திரி கடை மூடறதுக்கு முன்னாடி உங்க தொழில்ல காசு போற பாதையை ஒரு பேப்பர்ல வரைஞ்சு பாருங்க. எந்த இடத்துல ஒரே ஆள் மட்டும் நிக்கறாரோ, அங்கே ஒரு வட்டம் போடுங்க. அந்த வட்டத்துல இருக்கறது நீங்களேன்னாலும் போடுங்க.